கலாயோகி வாசித்த மலையகப் பாறைகள்

உடப்புசல்லாவைக்கு ஏறும் வீதியில் மலையை வெட்டிய இடங்களிலே பட்டை பட்டையாக மடிந்த பாறையையும் அதிற் பதிந்த செந்நிறக் கார்னெட் மணிகளையும் காணலாம். கொழுந்துக் கூடையோடு தொழிலாளர் நாளும் கடந்து செல்லும் இத்தகைய மத்திய மலைப் பாறைகளை விஞ்ஞான நோக்கில் ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் தமிழர். நடராஜர் திருவுருவின் தத்துவத்தை உலகறியச் செய்தவர் என நாம் போற்றும் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியே அவர். அவரது புவிச்சரிதவியற் பணியைக் கலைப்பணிக்கு முன்னுரையாக மட்டும் கொள்வது அவருக்கு நாம் இழைக்கும் அநீதியாகும்.

1877 ஓகஸ்ட் 22இல் கொழும்பிற் பிறந்த அவர், தந்தை சேர் முத்துக்குமாரசுவாமியை 1879இல் இழந்து, ஆங்கிலேயத் தாயாரால் இங்கிலாந்தில் வளர்க்கப்பட்டார். இலண்டன் யுனிவேர்சிற்றி கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று 1900இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே இலங்கைப் பாறைகளும் காரீயமும் பற்றிய அவரது கட்டுரை வெளியாயிற்று. 1903இல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளரானார். கனிவளத்தைக் கணக்கெடுப்பதே குடியேற்ற அரசின் நோக்கம். அவருக்கோ கல்லின் பிறப்பே வினாவாயிருந்தது.

கண்டிக்கு அண்மையிற் கிடைத்த புதிய நீலக் கனியமொன்றைப் பிரயர் என்பாருடன் இணைந்து அவர் விவரித்தார். அரபு வணிகர் இத்தீவுக்கு இட்ட சரண்தீப் என்ற பெயரே ‘செரண்டிபைற்’ என அக்கல்லில் நிலைத்துவிட்டது. 1904இல், இரத்தினக்கல் மணலில் அகப்பட்ட கரிய கனசதுரக் கற்கள் அவர் வழியாக இலண்டன் சென்று, ‘தோரியனைற்’ எனப் பெயர் பெற்றன. அக்கனியத்திலிருந்தே ஒட்டோ ஹான் 1905இல் ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார். அதிற் சிறைப்பட்டிருந்த ஹீலியத்தை அளந்த ஸ்ட்ரட், அதன் வயது 25 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது எனக் காட்டினார். பாறையின் வயதை எண்ணாற் கூறும் கலையின் தொட்டிலில் நம் நாட்டு மணலும் கிடந்தது!

அதன்பின் வந்த புவிஇரசாயனம் இன்னும் ஆழச் சென்றது. கடலடியில் உறைந்த எரிமலைப் பாறை கடும் வெப்பத்தில் உருமாறினாலும், அதிலுள்ள சிர்க்கோனியம், தைத்தேனியம், அருமண் மூலகங்கள் ஆகியவற்றின் விகிதம் எளிதில் மாறுவதில்லை. பிறந்த இடத்தை அது காட்டிக்கொடுக்கும். 1988இல் வெளியான நியோடிமியச் சமதானி ஆய்வு, மத்திய மலைத் தொகுதியின் மூலப்பொருள் 200 முதல் 300 கோடி ஆண்டுகள் பழையது என்றும், கிழக்கின் விஜயன், வடமேற்கின் வன்னித் தொகுதிகள் அதனினும் இளையவை என்றும் காட்டியது. ஏறத்தாழ 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானாப் பெருங்கண்டம் உருவாகையில் இவை மோதி ஒட்டின. இடையிலிருந்த சமுத்திரத்தின் ஓட்டுத் துண்டுகள் மலைத் தொகுதியினுள் நசுங்கிக் கிடப்பதாக ஒரு சாரார் கருதுகின்றனர், மறுசாரார் உடன்படவில்லை. நுவரெலியா மாவட்டத்து ரூப்பஹவிலுள்ள சேர்பன்ரைன் பாறைகளும் அவ்வாய்வில் இடம்பெறுவன.

கள ஆய்வுக்காகக் கிராமம் கிராமமாகச் சென்ற குமாரசுவாமி, கைவினைகள் அழிவதைக் கண்டு மனம் நொந்தார். 1906 முடிவில் பதவியை விட்டார். 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் வெளிவந்தது. 1917 முதல் பொஸ்ரன் நுண்கலை அரும்பொருளகத்திற் பணியாற்றி, 1947 செப்டெம்பர் 9இல் மறைந்தார். கண்டங்கள் நகர்வதைப் புவிச்சரிதவியலாளர் பொதுவாக ஏற்றுக்கொண்டது 1960களிலேயே. தாம் சுத்தியலாற் பெயர்த்தெடுத்த கற்கள் ஒரு கண்ட மோதலின் எச்சங்கள் என்பதை அறியாமலே அவர் கண்மூடினார்.