இருப்புப்பாதையின் தந்தை

இங்கிலாந்தின் வடபகுதியில், டைன் ஆற்றங்கரையில் அமைந்த வைலம் என்னும் சிற்றூரில் 1781ஆம் ஆண்டு ஜார்ஜ் ஸ்டீவன்சன் பிறந்தார். அவருடைய தந்தை, நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் இறைக்கும் நீராவி இயந்திரத்திற்குத் தீ மூட்டும் தொழிலாளி. வறுமை காரணமாக ஜார்ஜ் பள்ளிக்குச் செல்லவில்லை, மாடு மேய்த்தார், பின்னர்ச் சுரங்க வேலையில் சேர்ந்தார். பதினேழு வயதில் இயந்திரம் ஒன்றை இயக்கும் பொறுப்பைப் பெற்றார். ஆயினும் எழுதப் படிக்க அவருக்குத் தெரியாது. மறு ஆண்டு, தம் கூலியிலிருந்து கட்டணம் செலுத்தி இரவுப் பள்ளியில் எழுத்தும் எண்ணும் கற்றார்.

1806இல் மனைவி இறந்தார். காலணிகளையும் கடிகாரங்களையும் பழுதுபார்த்துப் பொருள் ஈட்டிய ஸ்டீவன்சன், மகன் ராபர்ட்டை நல்ல பள்ளியில் சேர்த்தார். மகன் கற்றுவந்த பாடங்களை மாலையில் தந்தையும் உடனிருந்து கற்றார்.

தண்டவாளத்தின்மீது நீராவி வண்டியை முதலில் ஓட்டியவர் இவர் அல்லர். 1804இல் ரிச்சர்டு டிரெவிதிக் வேல்சு நாட்டில் அதனைச் செய்துகாட்டினார். ஆனால், வண்டியின் எடை தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் உடைந்தன. ஸ்டீவன்சனோ வண்டியோடு பாதையையும் சேர்த்தே சிந்தித்தார். 1814இல் அவர் அமைத்த முதல் வண்டி 30 டன் நிலக்கரியை மணிக்கு நான்கு மைல் வேகத்தில் இழுத்தது. அது மனிதர் நடக்கும் வேகம்தான். எனினும் முப்பது டன்னைச் சுமந்து நடப்பவர் யார்?

லிவர்பூல், மான்செஸ்டர் நகரங்களை இணைக்கும் பாதைக்கு 1825இல் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கோரப்பட்டது. அங்கே வழக்குரைஞர்கள் அவரைக் கடுமையாக வினவினர். நில அளவைக் கணக்குகளில் பிழைகள் இருந்தன. அளந்தவர்கள் அவருடைய உதவியாளர்களே; ஆயினும் அவர்களின் கணக்கைச் சரிபாராதது அவர் குற்றமே. அவருடைய வட்டாரப் பேச்சும் நகைப்புக்குள்ளாயிற்று. ஒப்புதல் மறுக்கப்பட்டது, பணியும் பிறர் கைக்குச் சென்றது.

மறு ஆண்டு ஒப்புதல் கிடைத்தபோது, நிறுவனத்தார் மீண்டும் அவரையே அழைத்தனர். வழியில் சாட் மாஸ் என்னும் பரந்த சதுப்பு நிலம் கிடந்தது. கொட்டிய மண்ணையெல்லாம் அது விழுங்கியது. மரக்கிளைகளையும் புதர்ச்செடிகளையும் பின்னிப் பரப்பி, அவற்றின்மீது பாதை மிதக்குமாறு ஸ்டீவன்சன் அமைத்தார். இன்றும் அவ்வழியே தொடர்வண்டிகள் ஓடுகின்றன.

பாதையில் எவ்வகை வண்டியை ஓட்டுவது என்று முடிவுசெய்ய 1829இல் ரெயின்ஹில் என்னுமிடத்தில் போட்டி நடைபெற்றது. தந்தையும் மகனும் உருவாக்கிய ராக்கெட் என்னும் வண்டியின் கொதிகலனில் 25 செப்புக் குழாய்கள் இருந்தன. அவற்றின் வழியே வெப்பக்காற்று பாய்ந்ததால் நீர் விரைந்து ஆவியாயிற்று. போட்டியிட்டவற்றுள் அது ஒன்றே இறுதிவரை ஓடி முடித்தது.

ஸ்டீவன்சன் 1848இல் மறைந்தார். அவர் கையாண்ட பாதை அகலம், அரை அங்குலம் கூடி, 1435 மில்லிமீட்டர் என உலகின் பல நாடுகளில் நிலைபெற்றது. பெங்களூரு, மும்பை, சென்னை நகரங்களின் மெட்ரோ வண்டிகளும் அவ்வகலத்திலேயே ஓடுகின்றன.