நாலாம் கொத்தளத்தில் டால்ஸ்டாய்

டால்ஸ்டாய் என்றதும் நம் நினைவுக்கு வருவது நீண்ட வெண்தாடியும், காந்தியடிகளின் மனதைத் தொட்ட அகிம்சையும்தான். அந்த மனிதர் 26 வயதில் ஒரு பீரங்கிப்படை அதிகாரி என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கிரிமியாப் போர் சமயம். கருங்கடல் ஓரத்தில் ரஷ்யாவின் துறைமுகம் செவஸ்டபோல். 1854-இல் பிரிட்டன், பிரான்ஸ், துருக்கிப் படைகள் அதை முற்றுகையிட்டன. எதிரிக் கப்பல் உள்ளே நுழையக் கூடாதென்று ரஷ்யர்கள் தங்கள் கப்பல்களையே துறைமுக வாயிலில் மூழ்கடித்தார்கள்! கப்பல் பீரங்கிகளும் மாலுமிகளும் கரையேறிக் கொத்தளங்களுக்குப் போனார்கள். அந்த நவம்பரில் டால்ஸ்டாய், தானே கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு, அங்கே வந்து சேர்ந்தார்.

அப்போதே மகான் என்று நினைத்துவிட வேண்டாம். சரியான சீட்டாட்டப் பைத்தியம்! படைவீரர்களுக்காக ஒரு பத்திரிகை நடத்த ஆசைப்பட்டு, தான் பிறந்த வீட்டையே விற்கச் சொன்னார். பத்திரிகைக்கு ஜார் மன்னர் அனுமதி தரவில்லை. பணம்? 1855 ஜனவரியில் சீட்டில் போயே போச்சு. வீட்டை வாங்கியவர் அதைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரலில் நாலாம் கொத்தளத்தில் டியூட்டி போட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களின் குழிகள் வெகு அருகில். எல்லோரும் அஞ்சிய இடம். நாலு நாள் அங்கே, எட்டு நாள் ஓய்வு. ஊருக்குள் பேண்டு வாத்தியம்கூட வாசிப்பார்கள். கொஞ்ச தூரம் மேடேறினால் சாவு!

கொத்தளம் என்றால் கருங்கல் கோட்டை இல்லீங்க. பெரும்பாலும் மண்தான். பின்னிய கூடைகளில் மண்ணை நிரப்பி அடுக்கிய சுவர். பகலில் குண்டு பட்டுச் சரியும். ராத்திரியில் திரும்பக் கட்டுவார்கள். இதற்கெல்லாம் மூளை டோட்லெபென் என்ற எஞ்சினியர். எதிரி வெடி வைக்கச் சுரங்கம் தோண்டி வந்தால், இவர் எதிர்ச் சுரங்கம் தோண்டினார். சிவில் பிரிவு நண்பர்கள் கவனிக்க!

வருவது நேர்க்குண்டா, மார்ட்டர் குண்டா என்று காவலாள் கத்துவான். மார்ட்டர் குண்டு உயரே போய் வளைந்து வரும், கண்ணாலேயே பார்க்கலாம். விழுந்த பிறகும் திரி எரிந்தால்தான் வெடிக்கும். அதற்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான் அவகாசம்.

தன்னை அங்கே போட்டதில் டால்ஸ்டாய்க்கு முதலில் கோபம். சில நாளில் அந்த இடத்தை விட்டுப் போகவே மனசில்லை. அங்கிருந்தபடியே செவஸ்டபோல் பற்றிய முதல் கதையை எழுதினார். புதிய ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்கச் சொன்னார். அடுத்த கதையில் அதிகாரிகளின் வீண் ஜம்பத்தை உள்ளது உள்ளபடி எழுதினார். சென்சார் அதைக் கந்தல் ஆக்கியது.

1855 செப்டம்பர் 8 அன்று மலகோவ் குன்று விழுந்தது. அன்றைக்குத்தான் அவர் பொறுப்பில் ஐந்து பீரங்கிகள் வந்தன. மறுநாள் அவருடைய 27-ஆவது பிறந்தநாள். எரிகிற ஊரையும், கொத்தளங்களில் பறந்த பிரெஞ்சுக் கொடிகளையும் பார்த்து அழுதார்.

பிறகு ஓர் ஆபீஸ் வேலை வந்தது. கொத்தளங்களிலிருந்து பீரங்கி அதிகாரிகள் அனுப்பிய 20-க்கும் மேற்பட்ட ரிப்போர்ட்டுகளை ஒன்றாகத் தொகுக்க வேண்டும். பார்த்தால், தாங்கள் காணாததையெல்லாம் மேலதிகாரி சொன்னபடி எழுதியிருந்தார்கள்! (நம்ம லேப் ரெக்கார்டு நோட்டு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.) தொகுத்து முடித்து, அதே கையோடு நவம்பரில் பீட்டர்ஸ்பர்க் போனார். அவற்றுக்கு நகல் எடுத்து வைக்காமல் போனோமே என்று, 'போரும் அமைதியும்' நாவல் வெளிவந்துகொண்டிருந்த 1868-லும் வருத்தப்பட்டார்.