கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் பிறந்தவர் கிருஷ்ணன். தந்தை சுடலைமுத்து, தாய் இசக்கியம்மாள். வறுமையால் அவரது படிப்பு சிறு வகுப்பிலேயே நின்றுவிட்டது. டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டினார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். விற்கப் போன இடத்தில் நாடகம் அவரைப் பிடித்துக்கொண்டது! டி. கே. எஸ். சகோதரர்களின் குழுவில் சேர்ந்து நடிப்புக் கற்றார். 1935இல் 'மேனகா' படத்திலும், 1936இல் எம். ஜி. ஆரின் முதல் படமான 'சதிலீலாவதி'யிலும் நடித்தார். 'வசந்தசேனா' படத்தின்போது டி. ஏ. மதுரம் அம்மையாரைச் சந்தித்து மணந்தார். பின்னர் இருவரும் இணைந்து நடித்த படங்கள் ஏராளம்.

பிறரது உடற்குறையைக் காட்டியோ, ஏழையை இகழ்ந்தோ சிரிப்பு மூட்டுவது எளிது. அந்த எளிய வழி அவருக்கு வேண்டியிருக்கவில்லை. 'நந்தனார்' சரித்திரத்தை நினைவூட்டும் வகையில் 'கிந்தனார்' என்றொரு கதாகாலட்சேபம் செய்தார். தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவன் ஒருவன் ஆசிரியரிடம் அடிபட்டு, ரயிலேறிப் பட்டணம் சென்று படித்து, பள்ளிகளைப் பார்வையிடும் இன்ஸ்பெக்டராகவே திரும்பி வருகிறான். அந்த ஆசிரியரின் நிலைமையைத் தோழியரே நீங்களே எண்ணிப் பாருங்கள்! பள்ளியை இழந்த ஒருவர் இக்கதையைச் சொன்னார் என்பதுதான் என் மனத்தைத் தொட்டது.

புகழின் உச்சியில் இருந்தபோது பேரிடி விழுந்தது. 1944 நவம்பரில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் கொலையுண்டார். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதாகி, 1945இல் ஆயுள் தண்டனை பெற்றனர். அவர்கள் நடித்த 'ஹரிதாஸ்' அப்போது சென்னை பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அவரைக் கண்டு மக்கள் சிரித்துக்கொண்டிருக்க, அவரோ சிறையில் இருந்தார்.

மதுரம் அம்மையார் அழுதுகொண்டு அமர்ந்துவிடவில்லை. எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகக் குழுவைக் கட்டிக் காத்தார். மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. மறுவிசாரணையில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று 1947 ஏப்ரலில் விடுதலையாயினர்.

பாகவதரால் பழைய புகழை மீண்டும் எட்ட முடியவில்லை. கிருஷ்ணனோ மீண்டும் சிரிக்கவைத்தார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் கிடந்த ஒருவரின் நகைச்சுவையில் கசப்பு ஏறாதது பெரும் வியப்பே. அண்ணாவின் கதை வசனத்தில் 1949இல் 'நல்லதம்பி' வெளிவந்தது. மதுவின் கேட்டை எடுத்துரைத்த அப்படத்தில் 'கிந்தனா'ரும் இடம்பெற்றது. 'மணமகள்', 'பணம்' ஆகிய படங்களை அவரே இயக்கினார். தென்பாண்டி நாட்டு வில்லுப்பாட்டைச் சென்னை மேடைகளில் ஏற்றினார். கேட்டு வந்தவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுத்ததால் ஈட்டிய பொருள் தங்கவில்லை. 1957 ஆகஸ்ட் 30ஆம் நாள் தம் 48ஆம் வயதில் மறைந்தார்.

சென்னை தியாகராய நகரில் உள்ள அவரது சிலையை 1969 ஜனவரியில், நோயுற்றிருந்த நிலையிலும் வந்து முதலமைச்சர் அண்ணா திறந்து வைத்தார். அடுத்த மாதமே அண்ணாவும் மறைந்தார். சென்னையில் கலைவாணர் அரங்கமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கொரோனாக் காலத்தில், 2020இல், சட்டமன்றமே அங்குதான் கூடியது. இதைக் கேட்டிருந்தால் கலைவாணர் நிச்சயம் ஒரு வேடிக்கைக் கதை கட்டியிருப்பார். அதற்கு முதலில் சிரித்திருப்பவர் மதுரம் அம்மையாராகத்தான் இருக்கும்.