ஏட்டில் இல்லாத ஆட்டக்காரர்

1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘ரீபவுண்ட்’ என்னும் தொலைக்காட்சித் திரைப்படம் வெளிவந்தது. கூடையில் விழாமல் பலகையில் பட்டுத் திரும்பும் பந்தைக் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். டான் சீடில் என்னும் நடிகர் அதில் எர்ல் மேனிகோல்ட்டாக நடித்தார்.

மேனிகோல்ட் யார்? அவர் அமெரிக்காவின் பெரிய தொழில்முறைப் போட்டிகளில் ஒருமுறைகூட ஆடியவர் அல்லர். புள்ளிவிவர ஏடுகளில் அவர் பெயரைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆயினும், என்பிஏ போட்டிகளில் 38,387 புள்ளிகள் குவித்த கரீம் அப்துல் ஜபார் 1989இல் ஓய்வு பெற்றபோது, தாம் கண்ட ஆட்டக்காரர்களுள் மிகச் சிறந்தவர் என்று மேனிகோல்ட்டின் பெயரையே கூறினார்.

மேனிகோல்ட் 1944இல் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தார். மேரி மேனிகோல்ட் என்னும் பெண்மணி அவரைத் தம் பிள்ளையாக எடுத்து வளர்த்தார். இருவரும் நியூயார்க் நகரின் ஹார்லம் வட்டாரத்தில் குடியேறினர். கறுப்பினத்தவர் நெருக்கமாக வாழ்ந்த அங்கே, சிறுவர்களுக்கு எளிதில் கிட்டிய விளையாட்டு கூடைப்பந்துதான். ஒரு பந்தும் சிமெண்டுத் தரையும் போதும். கணுக்காலில் எடையைக் கட்டிக்கொண்டு அவர் நாள் முழுவதும் குதித்துப் பழகினார்.

நண்பர்கள் அவரை ‘கோட்’ என்று அழைத்தார்கள். அதாவது, ஆடு. அவருடைய குடும்பப் பெயரை யாரோ தவறாக உச்சரித்ததால் அந்தப் பட்டப்பெயர் வந்தது என்பர். தமிழில் ‘ஆடு’ என்பதற்கு ‘விளையாடு’ என்ற பொருளும் உண்டு. அது அவருக்கு இன்னும் நன்றாகப் பொருந்தியிருக்கும்!

அவருடைய உயரம் ஏறத்தாழ 1.85 மீட்டர். கூடைப்பந்தில் இது பெரிய உயரமன்று. ஆனால், தம்மைவிட உயரமானவர்களின் தலைக்கு மேல் எழும்பிப் பந்தைக் கூடைக்குள் அழுத்துவார். விழும் பந்தை மறு கையால் பிடித்து, கால் தரையில் படுமுன் மீண்டும் கூடைக்குள் அழுத்துவார் என்றும் சொல்வார்கள். கூடைப் பலகையின் உச்சியிலிருந்து நாணயத்தை எடுத்தார் என்பது இன்னொரு கதை. இதைச் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். உங்கள் பள்ளித் திடலில் இருப்பதுபோலவே அங்கும் கூடை 3.05 மீட்டர் உயரத்தில் இருந்தது. பலகையின் உச்சியோ தரையிலிருந்து கிட்டத்தட்ட 4 மீட்டர். கையை உயர்த்தி நின்றாலும் அதைத் தொட அவர் ஒன்றரை மீட்டர் குதித்திருக்க வேண்டும். மனிதரால் அது இயலாது. அவருடைய ஆட்டத்தைப் படம் பிடிக்க அன்று யாரும் வரவில்லை. பார்த்தவர்கள் வாயால் சொல்லிச் சொல்லியே அவரை வளர்த்தார்கள். கதையும் கூடவே வளர்ந்துவிட்டது.

திறமை இருந்தும் பள்ளி வாழ்க்கை சரியாக அமையவில்லை. கஞ்சா புகைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு உயர்நிலைப்பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். அப்போது அவருக்குக் கைகொடுத்தவர் ஹோல்கம் ரக்கர். ஹார்லம் சிறுவர்களுக்காகக் கூடைப்பந்துப் போட்டிகளை நடத்தி, கூடவே அவர்களின் படிப்பையும் கவனித்தவர் அவர். அவருடைய உதவியால் மேனிகோல்ட் வட கரோலினாவில் உள்ள ஒரு விடுதிப் பள்ளியில் சேர்ந்து படிப்பை முடித்தார். பின்னர் அதே மாநிலத்தின் ஜான்சன் சி. ஸ்மித் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பயிற்றுவிப்பாளருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஓராண்டு முடிவதற்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹார்லம் திரும்பினார். ரக்கர் 1965இல் காலமானார்.

அந்த ஆண்டுகளில் ஹார்லம் தெருக்களில் ஹெராயின் என்னும் போதைப்பொருள் பரவியது. படிப்பும் வேலையும் இல்லாமல் திரும்பியிருந்த இளைஞரை அது பற்றிக்கொண்டது. ஹெராயினுக்கு உடல் பழகிவிட்டால் அதே அளவு போதாது. மேலும் மேலும் கேட்கும். கிடைக்காவிட்டால் நடுக்கமும் வலியும் வாட்டும். பணத்துக்காக மேனிகோல்ட் விலையுயர்ந்த உரோம மேலங்கிகளைத் திருடினார். 1969இல் சிறைக்குச் சென்று 16 மாதங்கள் கழித்து வெளியே வந்தார்.

இதற்கிடையே, 1970இல் வெளிவந்த ஒரு விளையாட்டு நூல் அவருடைய கதையை நாடறியச் செய்தது. யூட்டா ஸ்டார்ஸ் என்னும் தொழில்முறை அணி அவரைத் தேர்வுக்கு அழைத்தது. எத்தனையோ பேர் ஏங்கும் வாய்ப்பு அது. ஆனால், அவருடைய உடல் பழைய உடலாக இல்லை. அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

பின்னர் அவர் செய்ததைத்தான் அவருடைய வாழ்வின் முக்கியமான பகுதியாக நான் கருதுகிறேன். ஆம்ஸ்டர்டாம் அவென்யூவும் 98ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் உள்ள திடலில், சிறுவர்களுக்காகப் போட்டிகளை நடத்தத் தொடங்கினார். ரக்கர் தமக்குச் செய்ததை அவர் பிறருக்குச் செய்தார் எனலாம். ஆனால், கதை அத்துடன் இனிதே முடியவில்லை. மீண்டும் ஹெராயின் அவரை இழுத்தது. 1977இல் கொள்ளை முயற்சிக்காகக் கைதாகி இரண்டாம் முறை சிறை சென்றார்.

விடுதலையானதும் தம் மகன்கள் இருவரை அழைத்துக்கொண்டு, பிறந்த ஊரான சார்ல்ஸ்டனுக்குச் சென்றார். பழைய தெருவில் பழைய கூட்டாளிகளுக்கு நடுவே இருந்தால் போதையை விடமுடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகே நியூயார்க் திரும்பினார். அதற்குள் இதயம் பழுதடைந்திருந்தது. அறுவை சிகிச்சையும் நடந்தது. குதிக்க முடியாத அவர் அதே 98ஆம் தெருத் திடலுக்கு வந்து, சிறுவர்களுக்குப் பந்தைக் கையாளக் கற்றுக்கொடுத்தார். தம் கதையை மறைக்காமல் அவர்களிடம் சொன்னார்.

‘ரீபவுண்ட்’ வெளிவந்து இரண்டு ஆண்டுகளில், 1998ஆம் ஆண்டு மே மாதம், இதயம் செயலிழந்து எர்ல் மேனிகோல்ட் காலமானார். அப்போது அவருக்கு வயது 53. அந்தத் திடலை அவ்வட்டார மக்கள் ‘கோட் பார்க்’ என்றே அழைக்கிறார்கள்.