கேட்காத ஒலியை ஒளியால் காட்டிய சி.வி.ராமன்: சைனஸ் சிகிச்சைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

தூத்துக்குடியில் இருந்துகொண்டு கருவாட்டு வாசம்கூட தெரியலைன்னா எப்படி? நாள்பட்ட சைனஸ் அழற்சி உள்ள பலருக்கு இதுதான் நிலைமை. மீன் கெட்டுப்போனாலும் தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது. இதற்கு அல்ட்ராசவுண்ட் சிகிச்சை கைகொடுக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேளா ஒலியையும், இந்தக் கடற்கரைக்குப் பெயர் வாங்கித் தந்த முத்தின் பளபளப்பையும் ஆராய்ந்தவர் ஒரு தமிழர்: சி.வி.ராமன்.

கணக்கு அதிகாரி, இரவில் விஞ்ஞானி

1888 நவம்பர் 7-ல் திருவானைக்காவலில் பிறந்தார். 1907-ல் நிதித் துறை வேலைக்காகக் கல்கத்தா போனார். பகலில் ஆபீஸ், மற்ற நேரமெல்லாம் ஆய்வுக்கூடம். வயலின், மிருதங்கம் என்று ஒலியில்தான் அவரது ஆராய்ச்சி சூடுபிடித்தது. 1917-ல் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டுப் பேராசிரியர் ஆனார். 1928-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல் பரிசு. இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

ஒலியைப் பார்க்க முடியுமா?

மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். அதற்கு மேலே போனால் அல்ட்ராசவுண்ட். அது திரவத்துக்குள் பாயும்போது நெருக்கமும் தளர்வுமாக மாறி மாறி அடுக்குகள் உண்டாகும். அதன் குறுக்கே ஒளியைச் செலுத்தினால் ஒரு கற்றை பல கற்றைகளாகப் பிரியும். 1932-ல் வெளிநாட்டு ஆய்வாளர்கள் இதைக் கண்டார்கள். ஏன் அப்படிப் பிரிகிறது என்பதை பெங்களூருவில் ராமனும் அவருடைய மாணவர் நாகேந்திர நாத்தும் 1935, 36-ல் கணிதத்தால் விளக்கினார்கள். ஒலியின் வலிமை மாறினால் கற்றைகளின் பிரகாசமும் மாறும். அதாவது, கேட்காத ஒலியை ஒளியால் அளக்க வழி பிறந்தது. இன்றைய லேசர் கருவிகளிலும் இந்த ராமன்-நாத் கோட்பாடு பயன்படுகிறது.

அதே காலத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நிர்வாகச் சண்டை. 1937-ல் இயக்குநர் பதவியை விட்டார், ஆராய்ச்சியை விடவில்லை. முத்தின் மெல்லிய அடுக்குகளில் ஒளி எப்படி விளையாடுகிறது என்று கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து 1954-ல் எழுதினார். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ல் நின்றுபோனது. ராமன் 1970 நவம்பர் 21-ல் காலமானார்.

சரி, மூக்குக்கு?

பிசியோதெரபியில் கன்னத்திலும் நெற்றியிலும் கருவியை வைத்து அல்ட்ராசவுண்ட் கொடுப்பதைச் சோதித்திருக்கிறார்கள். முகவலி, மூக்கடைப்பு குறைந்ததாகச் சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் வாசனை உணரும் பகுதி மூக்கின் உச்சியில், ஒரு குறுகிய இடுக்கில் இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் காற்றைத் தொட்டாலே பெரும்பகுதி திரும்பிவிடும். அப்படியென்றால் அந்த இடத்துக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது? இதை அளந்து காட்டாமல் வாசனை திரும்பிவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது.

அதனால் உப்புநீர்க் கழுவல், ஸ்டீராய்டு ஸ்பிரே, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை என்ற வழக்கமான பாதையை விட்டுவிடாதீர்கள். வாசனை போய்ச் சில வாரம் ஆகியும் திரும்பலைன்னா காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அதுவரை வீட்டில் கேஸ் கசிவு அலாரம் ஒன்றை மாட்டிவைப்பது நல்லது.