வலியைத் தூங்க வைத்தவர்

போன வருஷம் எங்க மாமா பைக்கில் இருந்து விழுந்து அடிபட்டு ஐ.சி.யூ.வில் இருந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கால் முறிந்து, வாயில் குழாய் வைத்திருந்தும் அமைதியாகத் தூங்கினார். இது எப்படி என்று அங்கே இருந்த நர்ஸ் அக்காவிடம் கேட்டேன். மார்பின் என்ற மருந்து சொட்டுச் சொட்டாக ஏறுது என்று சொன்னார்கள். அதைக் கண்டுபிடித்தவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அவர் பெயர் பிரெட்ரிக் செர்ட்யூர்னர். 1783ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் ஜெர்மனியில் நொய்ஹவுஸ் என்னும் ஊரில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட்டார். பெரிய படிப்புக்கு வழியில்லை. அதனால் 16 வயசில் பாடர்போர்ன் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பழகச் சேர்ந்தார்.

அப்போதெல்லாம் வலிக்கு அபின் கொடுப்பார்கள். நாம குருமாவுக்கு அரைக்கிற கசகசா இருக்கே, அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அது காய்ந்தால் அபின். ஆனால் ஒரு கட்டி அபினில் சத்து அதிகம் இருக்கும், இன்னொரு கட்டியில் குறைவா இருக்கும். குறைந்தால் வலி போகாது. கூடினால் மூச்சு நின்று உயிரே போகும்.

இதற்கு வழி தேடினார் செர்ட்யூர்னர். அபினை வெந்நீரில் கரைத்து அம்மோனியா சேர்த்தார். அடியில் படிகங்கள் படிந்தன. அதை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவை தூங்கின. வலி போக்கும் சத்து இதுதான் என்று புரிந்துகொண்டார். இது நடந்தது 1805ஆம் ஆண்டு வாக்கில். கிரேக்கர்களின் கனவுக் கடவுள் மார்ஃபியஸ் பெயரையே அதற்கு வைத்தார். அது அமிலம் இல்லை, காரத்தன்மை உள்ளது என்றும் காட்டினார். அவர் எழுதியதை யாரும் பெரிசா எடுத்துக்கவில்லை.

அவர் விடவில்லை. தானும் 17 வயசுக்கு மேற்படாத மூன்று பையன்களும் அதைச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று தடவை! முகம் சிவந்தது, வாந்தி வந்தது, மயக்கம் வந்தது. பயந்துபோய் வினிகர் குடித்து வாந்தி எடுத்தார், பையன்களுக்கும் கொடுத்தார். நல்லவேளை, எல்லோரும் பிழைத்தார்கள். அளவு இன்னும் ரொம்பக் குறைவா இருக்கணும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பையன்களை இதில் சேர்த்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

1817இல் இதை எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1831இல் பாரிஸில் இருந்து பரிசும் கிடைத்தது. கடைசிக் காலத்தில் ஹாமெலின் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தார். குழல் ஊதி எலிகளைக் கூட்டிப்போன கதை வருமே, அதே ஊர்தான். 1841 பிப்ரவரி 20ஆம் நாள் காலமானார்.

இன்று மார்பின் ஊசியாகவும் கிடைக்கிறது. ஃபென்டனில் போன்ற இன்னும் வீரியமான மருந்துகளும் வந்துவிட்டன. ஆனாலும் இவை எல்லாமே மூச்சைக் குறைக்கும், பழக்கமாகியும் விடும். அதனால்தான் டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள். மாமா பக்கத்தில் இருந்த நர்ஸ் அக்கா அடிக்கடி மூச்சையும் நாடியையும் பார்த்துக் குறித்தது ஏன் என்று இப்போ எனக்குப் புரிகிறது.

மாமா இப்போது நடக்கிறார். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இருப்பது அளவுதான். அந்த அளவை நமக்குத் தந்தவர் ஒரு கடைப் பையன் என்பதை மறக்க வேண்டாம் நண்பர்களே!

– 9ஆம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி