பிள்ளை பெறுவது யார் முடிவு? பெரியார் கேட்ட கேள்வி

பெரியார் என்றதும் நம் தோட்டப்புற மக்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது, சாமி இல்லை என்று சொன்ன மனிதர் என்பதுதான். அதோடு பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால், நம் வீட்டுப் பெண்களுக்காக அவர் பேசிய ஒரு விஷயம் உண்டு. சாமி கும்பிடுகிறவர்களும் கும்பிடாதவர்களும் சேர்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் அது.

ஈ.வெ. இராமசாமி 1879 செப்டம்பர் 17ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். தகப்பனார் வெங்கட்ட நாயக்கர் பெரிய வியாபாரி. வசதியும் பக்தியும் நிறைந்த குடும்பம். 1898இல் 19 வயது இராமசாமிக்கும் 13 வயது நாகம்மைக்கும் கலியாணம் நடந்தது. ஒரு பெண் குழந்தை பிறந்து, ஐந்து மாதத்தில் இறந்துபோனது. அப்புறம் பிள்ளையே இல்லை.

பிள்ளை இல்லையென்றால் இன்னொருத்தியைக் கட்டி வைக்கிற காலம் அது. அவர் நாகம்மையாரைத் தள்ளி வைக்கவில்லை. வீட்டுக்குள் பூட்டியும் வைக்கவில்லை. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது நாகம்மையாரும், பெரியாரின் தங்கை கண்ணம்மாளும் தெருவில் இறங்கி நின்றார்கள். அதற்கும் முன்னாலேயே, 1909இல், சின்ன வயதில் தாலியறுத்த தங்கை மகளுக்கு, உறவுக்காரர்கள் எதிர்த்தும் கேளாமல் மறுமணம் செய்து வைத்தவர் அவர்.

1925இல் ‘குடிஅரசு’ வார ஏட்டைத் தொடங்கினார். அதே ஆண்டு காங்கிரசை விட்டு வெளியேறினார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை, விதவைக்கு மறுமணம், ஒத்துவராத கலியாணத்திலிருந்து விலகும் உரிமை எல்லாம் தீர்மானமாயின. அந்த ஆண்டு டிசம்பரில் நாகம்மையாரோடு மலாயாவுக்குக் கப்பலேறி வந்தார். பினாங்கு, ஈப்போ, சிங்கப்பூர் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசினார்.

ஊர் திரும்பியபின், 1930இல் ‘குடிஅரசு’ ஏட்டில் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதினார். அந்தக் காலத்தில் அதைப் பேசுவதே அசிங்கம் என்று காதைப் பொத்திக்கொண்டவர்கள் அதிகம். ஆதரித்துப் பேசிய சிலரும், தாயின் உடம்பு கெடக் கூடாது, குடும்பச் சொத்து சிதறக் கூடாது, நாட்டில் வறுமை பெருகக் கூடாது என்றுதான் காரணம் சொன்னார்கள். பெரியார் சொன்ன காரணம் வேறு. பெண் விடுதலை பெற வேண்டும். அதற்குத்தான் கர்ப்பத்தடை வேண்டும் என்றார். எத்தனை பிள்ளை, எப்போது பிள்ளை என்பதெல்லாம் சுமக்கிறவள் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, தோழர்களே. மருந்து மட்டும் கொடுத்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. பால்குடி மறக்கும் வயதில் கலியாணம், கையில் காசில்லை, பேரில் சொத்தில்லை, புருஷன் போனால் போக்கிடமில்லை என்று கிடக்கிறவள், தன் வயிற்றைப் பற்றி எப்படிச் சொந்தமாக முடிவெடுப்பாள்? ஆகையால்தான் படிப்பு, சொத்து, மறுமணம், கர்ப்பத்தடை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டார்.

நாகம்மையார் 1933இல் காலமானார். 1949இல், வயதில் மிகவும் இளையவரான மணியம்மையாரைப் பெரியார் மணந்தபோது கட்சிக்குள்ளேயே பெரிய எதிர்ப்பு கிளம்பி, பலர் பிரிந்து போனார்கள். 1954இன் இறுதியில் மணியம்மையாரோடு மறுபடியும் மலாயா வந்தார். 1973 டிசம்பர் 24இல் வேலூரில் தம் 94ஆம் வயதில் உயிர் நீத்தார். 1989இல் தமிழ்நாட்டில் பெண்ணுக்குக் குடும்பச் சொத்தில் சம பங்கு தரும் சட்டம் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

நம் நாட்டில் 1966இல்தான் குடும்பத் திட்டச் சட்டம் வந்து, வாரியமும் அமைந்தது. பெரியார் எழுதி 36 வருஷம் கழித்து! சட்டம் வந்ததே, சங்கடம் தீர்ந்ததா? ஆசைக்கு ஒரு பெண், ஆஸ்திக்கு ஓர் ஆண் என்கிற பழமொழி இன்னும் நம் வாயில் இருக்கிறது. மூன்றும் பெண்ணாகப் போனால், இன்னொன்று பார்ப்போமே என்று மாமியார் சொல்வார். புருஷன் வாயைத் திறக்க மாட்டான். போதும் என்று சொன்னால் அடங்காதவள் என்ற பேர். பிள்ளை தங்காதவளுக்கோ வேறொரு பேர். இரண்டுமே அவள் தலையில்தான் விழுகிறது. டாக்டரிடம் போக வேண்டியது புருஷனாகக்கூட இருக்கலாம் என்பதை யார் நினைக்கிறார்கள்?

நம் பெண்கள் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்கள். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர்கள். சம்பாதிக்கத் தெரிந்தவளுக்குத் தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கத் தெரியாதா? சகோதரிகளே, உங்கள் சம்பளம் உங்கள் பேரில், உங்கள் கையில் வரட்டும். அது முதல் படி. அண்ணன்மார்களே, இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்காரியிடம், உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாதீர்கள். அம்மா என்ன சொல்வார்களோ என்று பயந்தால், அம்மாவிடம் பேச வேண்டியவர் நீங்கள்தான், அவள் அல்ல.